மிலானுக்கு அனுப்பிய மொட்டைப் படம்

பாதித் தலை போய்விட்டிருந்தது. வலப்பக்கக் கொண்டை என் மடியில் ஈரமாக விழுந்து கிடந்தது. இடப்பக்கக் கொண்டை இன்னும் தலையோடு இருந்தது. அம்மாவின் கையிலிருந்த என் போன் அடித்து, நின்று, மறுபடி அடித்தது.

"யாரும்மா?" என்றேன். நிமிர முடியாது. பின்னங்கழுத்துக்கு மேலே கத்தி இருந்தது.

"பாரதிதான். எடுக்கட்டா?"

"வேணாம். எடுக்காத."

"உட்டு உட்டு அடிக்குது பாப்பா. அவசரமோ இன்னாவோ."

"தல ஆட்டாத பாப்பா," என்றார் முடி இறக்கும் பெரியதம்பி அண்ணன். "ஆட்டுனா முடியோட காதையும் சேத்து அங்காளம்மாவுக்கு குடுத்துட்டு போற மாதிரி ஆயிடும்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கால் கட்டை விரல்கள் தாமாக மடங்கிக்கொண்டன. போன் நின்றது. உடனே ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. அம்மாவுக்கு அந்த போனில் எதைத் தொட்டால் எது திறக்கும் என்று தெரியாது. எதையோ தொட்டாள். மலையனூர் மொட்டை மண்டபம் முழுக்கக் கேட்கும்படி பாரதி அக்காவின் குரல் வந்தது.

"மோனி, எங்கடி இருக்க? மிலான்ல இருந்து மெயில் வந்துது. ஷோவுல உன்னத்தான் முதல்ல நடக்க விடறாங்களாம். முடிய அவுத்து உட்டு புதுசா போட்டோ கேக்கறாங்க. இன்னிக்கே அனுப்பணும். தலைக்கு குளிச்சிட்டு நேரா ஆபீசுக்கு வந்துடு. கேக்குதா?"

கத்தி நின்றது. பக்கத்தில் மொட்டை போட்டுக்கொண்டிருந்த ஒரு குழந்தையின் அழுகை மட்டும் கேட்டது.

"நிறுத்திடட்டுமா?" என்று பெரியதம்பி அண்ணன் மெதுவாகக் கேட்டார்.

அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியாத நிலையில் நான் இருந்தது நல்லதுதான். தண்ணீர் கண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அது தண்ணீர் மட்டும்தானா என்று சொல்லத் தெரியவில்லை.

"நிறுத்தி இன்னா பண்றதுண்ணா?" என்றேன். "பாதித் தலையோட பஸ் ஏற முடியுமா? அடிங்க."

*

இதையெல்லாம் இப்போது போனில் தட்டிக்கொண்டிருக்கிறேன். சிங்கவரத்தில் எங்கள் வீட்டில் எல்லோரும் தூங்குகிறார்கள். யாருக்கு அனுப்பப் போகிறேன் என்று தெரியவில்லை. ஆனால் விடிவதற்குள் ஒரு பதில் சொல்லியாக வேண்டும். அதற்கு முன் நடந்ததை வரிசையாகப் பார்த்துவிட வேண்டும்.

பாரதி அக்காவுக்குச் சொந்த ஊர் அவலூர்பேட்டை. சென்னையில் விளம்பரப் படம் எடுப்பவர் ஒருவரின் ஆபீசில், மாடல்களுக்குப் போன் போட்டு வரச்சொல்லும் வேலை பார்த்தாள். வெளிநாட்டிலிருந்து கேட்கும்போதெல்லாம் உயரமான, கறுத்த, நீளக் கழுத்துள்ள பெண்கள் வேண்டும் என்று கேட்பார்களாம். சென்னையிலிருந்து அனுப்பியதெல்லாம் வெளுத்த நிறப் பெண்கள். "அவுங்க கேட்ட மாதிரி பொண்ணுங்க எங்க ஊர் பஸ் ஸ்டாண்டுல வரிசையா நிக்குதுங்க. அத யாருகிட்ட சொல்றது?" என்று அக்கா சொல்வாள். கடைசியில் யாரிடமும் சொல்லாமல் ஊர்ப்பக்கம் திரும்பி, செஞ்சி காந்தி பஜாரில் ஓர் உரக்கடைக்கு மேலே அறை எடுத்து, 'கோட்டை மாடல்ஸ்' என்று போர்டு வைத்துவிட்டாள். இன்றைக்கும் வெளியூர்க்காரர்கள் படியேறி வந்து கோட்டைக்கு டிக்கெட் இங்கேதான் தருகிறார்களா என்று கேட்பார்கள். எங்கள் உடுப்பிலெல்லாம் கொஞ்சம் யூரியா வாசம் இருக்கும்.

ஆரம்பத்தில் பஸ் ஸ்டாண்டில் பெண்களை நிறுத்திப் பேசியதற்கு அக்காவைப் பிள்ளை பிடிக்கிறவள் என்று சொல்லி அடிக்கவே வந்துவிட்டார்களாம். அப்புறம்தான் அவளுக்கு ஒரு வழி தோன்றியது. தன் அம்மாவையும் கூட்டிக்கொண்டு, தட்டில் பழம், பூ, வெற்றிலை வைத்து, வீட்டுக்கே வர ஆரம்பித்தாள். பெண் பார்க்க வருவது போல. அப்படி வந்தால் எந்த வீட்டிலும் கதவைச் சாத்த மாட்டார்கள். முதலில் காபி கொடுப்பார்கள். அப்புறம் விஷயத்தைச் சொல்லலாம்.

எங்கள் வீட்டுக்கும் அப்படித்தான் வந்தாள். நைனா அப்போதுதான் மார்க்கெட் கமிட்டியில் மூட்டை இறக்கிவிட்டு வந்திருந்தார். தட்டைப் பார்த்ததும் சட்டையைத் தேடிப் போட்டுக்கொண்டார்.

"பையன் இன்னா வேல பாக்கறாரு?"

"பையனே இல்ல நைனா," என்றாள் அக்கா. அவளுக்கும் அவர் அன்றே நைனா ஆகிவிட்டார். "உங்க பொண்ணுதான் வேலைக்கு போவப்போவுது."

"படிக்குதே அது."

"படிக்கட்டும். படிச்சிக்கினே நடக்கட்டும்."

"நடக்கறதுக்கு யாருமா காசு தருவாங்க? நானும் காலையில இருந்து நடந்துக்கினுதான் கீறேன், முதுவுல மூட்டையோட."

அக்கா சிரித்துவிட்டாள். பள்ளிக்கூடத்தில் என்னைப் பனமரம் என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பனமரத்தைச் சுற்றி வந்து, தோளையும் தாடையையும் பார்த்து, "இந்த கழுத்து போதும்," என்று சொன்ன முதல் ஆள் அவள். அம்மா உள்ளே போய்க் கதவோரம் நின்று அழுதாள். கறுப்பு, நெட்டை, யார் கட்டிக்கொள்வார்கள் என்று என் காது கேட்கவே பேசிய சொந்தக்காரர்கள் எல்லோரும் அவளுக்கு ஞாபகம் வந்திருப்பார்கள். அன்றிலிருந்து பாரதி அக்கா சொன்னது எதையும் அம்மா மறுத்ததில்லை.

கோட்டை மாடல்ஸ் வளர்ந்ததை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். நாங்கள் நடக்கப் பழகியது கல்யாண மண்டபத்தின் பந்திக் கூடத்தில். முகூர்த்த நாளில் எங்களுக்கு லீவு. ஆடி மாதம் முழுக்க மண்டபம் காலியாக இருக்கும் என்பதால், அந்த மாதத்தில் காலையும் மாலையும் குதிகால் செருப்போடு நடப்போம். முதலில் வெளிநாடு போனவள் மஞ்சு. மண்டகப்பட்டுப் பெண். அவள் மிலானில் நடந்த படம் ஆபீஸ் சுவரில் ஏறிய அன்று கீழே உரக்கடைக்காரர் எல்லோருக்கும் சோடா வாங்கிக் கொடுத்தார். அப்புறம் சுவரில் இடம் போதவில்லை. சென்னையில் ஓர் ஆபீஸ் வந்தது. பிறகு மும்பையில். பாரிசிலிருந்து அக்காவுக்கு நேரடியாகப் போன் வர ஆரம்பித்தது. இப்போது மிலானில் இருக்கும் ஒரு பெரிய ஏஜென்சி, தங்கள் கட்டடத்திலேயே கோட்டைக்கு ஓர் அறை தருகிறோம், சேர்ந்து நடத்துவோம் என்கிறது. அந்தக் கதவில் கோட்டை என்று எழுதப் போகிறார்கள்.

இவ்வளவும் நடந்ததற்குக் காரணம் அக்கா வைத்திருந்த ஒரே ஒரு பிடிவாதம்தான். மற்ற ஏஜென்சிகள் படத்தில் நிறத்தைக் கூட்டி, இடுப்பைக் குறைத்து அனுப்புவார்கள். வந்து இறங்குகிற பெண் வேறு மாதிரி இருப்பாள். அக்கா ஒரு பரு வந்தால்கூட அழிக்க மாட்டாள். வெள்ளைச் சுவர், கறுப்பு பனியன், ஜீன்ஸ். பொட்டு, பூ, பவுடர் எதுவும் கூடாது. முடியை இறுக்கி இழுத்துக் கட்ட வேண்டும். முன்னால் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, முதுகுப்பக்கம் ஒன்று. டிஜிட்டல்ஸ் என்று அதற்குப் பெயர். அதைப் பார்த்துத்தான் அவர்கள் ஆள் எடுப்பார்கள். "நம்ம போட்டோல இருக்கறவதான் ஏர்போர்ட்ல எறங்கணும்," என்பாள்.

அந்த டிஜிட்டல்சைப் பார்த்துப் பார்த்துத்தான் அம்மா அந்த வேண்டுதலைச் செய்துகொண்டாள். ஒவ்வொரு தடவையும் நான் சுவர் முன்னால் நிற்கும்போது கூட வந்து உட்கார்ந்திருப்பாள். ஒவ்வொரு தடவையும் அக்கா, "முடிய நல்லா இழுத்து கட்டு, முடியே தெரியக்கூடாது," என்பாள். இடுப்புக்குக் கீழே தொங்குகிற முடி. அம்மா எண்ணெய் வைத்து வளர்த்தது. சரி, இந்த வேலைக்கு முகம்தான் வேண்டும், முடி வேண்டாம் போலிருக்கிறது என்று அம்மா நினைத்துக்கொண்டாள். அதனால் மிலான் விசா இழுத்தடித்தபோது அங்காளம்மாவிடம் சொல்லிவிட்டாள். விசா வந்தால் பெண்ணின் முடியைத் தருகிறேன் என்று. வேலைக்குத் தேவையில்லாத ஒன்றை, ஆனால் தனக்கு ரொம்பப் பிடித்த ஒன்றை.

வெட்டக்கூடாது, கலர் அடிக்கக்கூடாது, பச்சை குத்தக்கூடாது என்று அக்கா எங்கள் எல்லோருக்கும் சொல்லியிருந்தாள். மொட்டையைப் பற்றிச் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் மொட்டை போடுவதை யாரும் முடி வெட்டுகிற கணக்கில் சேர்ப்பதில்லை.

விசா வந்தது. அம்மா விஷயத்தைச் சொன்னாள். நான் சரி என்றேன்.

*

மலையனூரிலிருந்து செஞ்சிக்கு வரும் பஸ்சில் அம்மா ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். தலையில் துண்டு கட்டியிருந்தேன். சந்தனம் காய்ந்து நெற்றியில் இழுத்தது.

"பாரதி திட்டுமா?" என்று கேட்டாள்.

"திட்டும்."

"திட்டட்டும். என்ன திட்டட்டும். நீ வாய தொறக்காத."

"நீ வாய தொறக்காதம்மா."

"வேண்டிக்கினது நானு."

என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

உரக்கடைப் படியேறினோம். அக்கா கேமராவைத் தயாராக வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். துண்டைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"தலைக்கு குளிச்சிட்டியா? நல்லது. அவுத்து காய வை. ஃபேன் போடறேன்."

நான் துண்டை எடுத்தேன்.

அக்கா ஃபேன் சுவிட்சில் கையை வைத்தபடியே நின்றாள். பிறகு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"நாந்தான் வேண்டிக்கினேன் பாரதி," என்றாள் அம்மா. "விசா வந்தா தரேன்னு. நீதான எப்பவும் முடிய இழுத்து கட்ட சொல்ற. உங்களுக்கு தேவப்படாதுன்னு நெனச்சிட்டேன்."

"முகம் தெரியணும்னு கட்ட சொல்றதும்மா அது. முடி வேணாம்னு இல்ல. போன தடவ நீங்க வெளிய போனப்ப முடிய அவுத்து உட்டு எடுத்ததுல ரெண்டு அனுப்புனேன். அதப் பாத்துட்டுதான் அவுங்க ஷோவையே மாத்தி வெச்சாங்க. தண்ணியில நனைச்ச முடியோட இவ முதல்ல வரணும்னு." அக்காவின் குரல் உயரவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது. "எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதா?"

"சாமிக்கு செய்யறத யாராவது கேட்டுக்கினு செய்வாங்களா?"

அக்கா என் பக்கம் திரும்பினாள்.

"காலையில போன் பண்ணேனே. முடியில கை வெக்காத, எண்ணெ கூட வேணாம், மிலான்ல முடிய பத்திதான் பேசிக்கினு இருக்காங்கன்னு சொன்னேனா இல்லியா?"

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் போனைப் பற்றி நான் அவளிடம் சொல்லியிருக்கவில்லை. காலையில் பஸ்சில், 'யாரு?' என்று கேட்டபோது, 'பாரதியக்கா, சும்மா,' என்றுதான் சொல்லியிருந்தேன்.

சிக்னல் இல்லை, சரியாகக் கேட்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். மலையனூர் ரோட்டில் அது யாரும் நம்பக்கூடிய பொய்தான்.

"சொன்னீங்க," என்றேன்.

"காதுல உழுந்துதா?"

"உழுந்துது."

அக்கா தலையைப் பிடித்துக்கொண்டாள். அம்மா இன்னும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன். புதிதாக யாரையோ பார்ப்பது போலப் பார்த்தாள்.

கீழே கடையில் யாரோ மூட்டையைத் தொப்பென்று போட்டார்கள். அந்தச் சத்தத்தில் அக்கா எழுந்து லேப்டாப்பைத் திறந்தாள்.

"சரி. ஆனது ஆச்சி. ஆடி மாசம் எடுத்தது இன்னும் இருக்குது, முடிய அவுத்து உட்டது. அனுப்பாதது நாலு படம். அதையே இன்னிக்கு எடுத்ததுன்னு அனுப்பிடறேன். அங்க போனதும் விக் வெச்சிக்கலாம். நல்ல விக் கெடைக்கும். மஞ்சுகிட்ட சொல்லி வாங்கி வெச்சிடுவேன்."

"வேணாங்கா."

"இன்னாடி வேணாம்?"

"பழச அனுப்ப வேணாம். இப்ப எடுங்க."

"இந்த தலையவா?"

"இந்த தலையோடதான நான் போயி எறங்கப் போறேன்."

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள். "நான் சொன்னத எனக்கே சொல்றியா?"

"ஆமாங்கா."

"சொன்னது வேற நேரம் மோனி. அந்த கதவுல நம்ம பேர எழுதப் போறாங்க. எழுதறதுக்கு முன்னாடி இதப் போயி காட்ட சொல்ற. உன்ன தூக்கிட்டாங்கன்னா?"

"தூக்கட்டும். அடுத்த சீசன் மறுபடி அனுப்புங்க. அதுக்கு அப்புறமும் தூக்குனா அதுக்கு அடுத்தது. பொய் சொல்லி மாட்டிக்கினா என்ன மட்டும் தூக்க மாட்டாங்க. மஞ்சுவையும் தூக்குவாங்க. மண்டபத்துல நடந்துக்கினு இருக்குதே, அந்த புள்ளைங்களையும் சேத்து தூக்குவாங்க."

பனியன் மாற்றுகிற சாக்கில் திரைக்குப் பின்னால் போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்போது அம்மா அக்காவிடம் பேசுவது கேட்டது.

"நான் வேணா அந்தம்மாகிட்ட பேசட்டா?"

"எந்தம்மாகிட்ட?"

"மிலான்ல இருக்கற அம்மாகிட்ட. தப்பு எம்மேலதான்னு சொல்லிடறேன்."

"உங்களுக்கு இத்தாலி பாஷை தெரியுமா?"

"அவுங்களுக்கும் புள்ளைங்க இருக்கும் இல்ல. புரியும்."

அக்கா சிரித்தாளா அழுதாளா என்று திரைக்குப் பின்னாலிருந்து தெரியவில்லை. நான் வெளியே வந்தபோது கேமராவைக் கையில் எடுத்திருந்தாள்.

"சந்தனத்த தொடச்சிட்டு வந்து நில்லு."

வெள்ளைச் சுவர் முன்னால் நின்றேன். காதுக்கு மேலே கத்தி பட்ட இடத்தில் ஒரு சின்னக் கீறல் இருந்தது. பவுடர் வைக்கட்டுமா என்று அக்கா கேட்கவில்லை. முன்னால் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, முதுகுப்பக்கம் ஒன்று. எப்போதும் முடியை இழுத்துக் கட்டியதில் கண்ணோரம் வலிக்கும். இன்று இழுக்க ஒன்றுமில்லை. ஃபேன் காற்று நேராக மண்டையில் பட்டது. தாடையைக் கீழே இறக்கு, தோளைத் தளர்த்து என்று அக்கா சொல்லிக்கொண்டே வந்தாள். கொஞ்ச நேரத்தில் சொல்வதை நிறுத்திவிட்டு எடுத்துக்கொண்டே இருந்தாள்.

படத்தை லேப்டாப்பில் பார்த்தேன். என் மண்டையின் வடிவத்தை அதுவரை நான் பார்த்ததே இல்லை. ஒளிந்துகொள்ள ஒன்றும் இல்லாத முகம். அதைப் பார்த்தபோதுதான் முதல் தடவையாக, எனக்கு நிஜமாகவே மிலானுக்குப் போக வேண்டும் என்று இருந்தது. மற்றவர்கள் ஆசைப்பட்டதற்காக இல்லை. இந்த முகத்தை வைத்துக்கொண்டு அந்த நீள மேடையில் நடக்க வேண்டும் என்று இருந்தது.

அக்கா மெயில் எழுதினாள். இன்று எடுத்த படங்கள், இன்று காலை கோயிலில் முடி கொடுத்துவிட்டாள், என்ன செய்யலாம் என்று சொல்லுங்கள். அவ்வளவுதான். அனுப்பிவிட்டு லேப்டாப்பை மூடி, அதன் மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டாள், திறந்துகொண்டுவிடும் என்பது போல.

*

வீட்டுக்கு வந்தபோது நைனா வாசலில் கை கால் கழுவிக்கொண்டிருந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"யார்ரா தம்பி நீ? யார பாக்கணும்?"

"உட்டுடு நைனா."

"கோச்சிக்காத. நல்லாத்தான் கீது. இனிமே சீப்பு செலவு மிச்சம்." பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

சாப்பிட உட்கார்ந்தபோது அக்காவின் போன் வந்தது. அம்மா தட்டில் கை வைத்தபடியே என்னைப் பார்த்தாள். நான் எழுந்து வெளியே வந்து பேசினேன்.

"வேணாம்னு சொல்லல," என்றாள் அக்கா. "வேணும்னும் சொல்லல. படத்த பாத்துட்டு அங்க ஒரே பேச்சாம். ஷோவுக்கு ஆள் எடுக்கற அந்தம்மா, இவ இப்படியே முதல்ல வரட்டும்னு சொல்லுது. மத்தவங்க பயப்படறாங்க."

"இன்னாத்துக்கு பயம்?"

"ஒரு பொண்ணுக்கு வீட்ல புடிச்சி உக்கார வெச்சி மொட்ட அடிச்சி அனுப்பிட்டாங்கன்னு நாளைக்கு யாராவது எழுதிட்டா? அவுங்க பேரு போயிடும். நம்ம பேரும்தான். கோட்டையில பொண்ணுங்கள பாத்துக்க மாட்டாங்கன்னு ஆயிடும். அதனால ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்காங்க. நீதான் வாயால பதில் சொல்லணும். வீடியோ எடுத்து அனுப்பணும். தமிழ்லயே பேசு. அவுங்க ஆள் வெச்சி மொழிபெயர்த்துக்குவாங்க. பக்கத்துல யாரும் இருக்கக்கூடாது. நானும் கூடாது, அம்மாவும் கூடாது."

"இன்னா கேள்வி?"

"இத உன் சொந்த விருப்பத்துலதான் செஞ்சியா?"

நான் வாசற்படியில் உட்கார்ந்தேன்.

"விடியறதுக்குள்ள எனக்கு அனுப்பு, நான் பாக்காம அப்படியே அனுப்பிடுவேன்," என்றாள். "இன்னா சொல்லணும்னு நான் சொல்ல மாட்டேன் மோனி. கேக்காத."

"ஆமான்னு சொன்னா?"

"சொல்ல மாட்டேன்னு சொன்னேன்ல."

"இல்லன்னு சொன்னா?"

"படுத்து தூங்குடி," என்று சொல்லி வைத்துவிட்டாள்.

உள்ளே போனதும் அம்மா கேட்டாள். ஒரு வீடியோ அனுப்பணும், அவ்வளவுதான் என்றேன். சோற்றைப் பிசைந்துகொண்டே, "எம்பேர சொல்லிடு," என்றாள். "கேட்டா, எங்கம்மாதான் செஞ்சுதுன்னு சொல்லிடு. எனக்கு ஒண்ணும் ஆவாது. எனக்கு இன்னா, கமிட்டியில கல்லு பொறுக்கற வேல. அத யாரும் புடுங்க மாட்டாங்க."

"கல்லு பொறுக்கறதுன்னா?" வேர்க்கடலையில் கல் பொறுக்குவதைச் சொல்கிறாள் என்று தெரிந்தேதான் பேச்சை மாற்றப் பார்த்தேன்.

"மல்லாட்டையில கல்லு பொறுக்கறதுதான். தெரியாத மாதிரி கேக்குது பாரு." அவள் சிரித்தாள். ஆனால் தட்டில் சோறு அப்படியே இருந்தது.

*

வீட்டுக்குப் பின்னால், துணி துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்திருக்கிறேன். வீடியோவை எடுத்து எடுத்து அழிக்கிறேன்.

ஆமாம் என்று ஒரு தடவை சொன்னேன். என் சொந்த விருப்பம்தான். திருப்பிப் போட்டுப் பார்த்தேன். முகம் பொய் சொல்லவில்லை. ஆனால் விசா வருவதற்கு முன்பே, என்னைக் கேட்காமலே, என் தலை அங்காளம்மாவிடம் பேசி வைக்கப்பட்டிருந்தது. வேண்டுதலைச் செய்யாமல் விட்டால் அம்மா அந்த விமானம் இறங்கும் வரை சாப்பிட்டிருக்க மாட்டாள். அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் சரி என்றேன்.

இல்லை என்று ஒரு தடவை சொன்னேன். அம்மா கட்டாயப்படுத்தினாள். அதைச் சொல்லி முடிப்பதற்குள்ளேயே நிறுத்திவிட்டேன். யார் என்னைப் பிடித்து உட்கார வைத்தார்கள்? மொட்டை மண்டபத்தில் அம்மா எனக்கு முன்னால்கூட நடக்கவில்லை. நான்தான் பெரியதம்பி அண்ணன் முன்னால் போய் உட்கார்ந்தேன். அக்கா காலையில் சொன்னதைக் காதில் வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்தேன். "அம்மா, முடி வேணுமாம், பூமுடி மட்டும் குடுத்துடலாம்," என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். மூணு கத்தை வெட்டிக் கொடுத்துவிட்டு வந்திருக்கலாம். எங்கள் ஊரில் எத்தனையோ பெண்கள் அப்படித்தான் செய்கிறார்கள். அம்மன் வேண்டாம் என்று சொல்லியிருக்க மாட்டாள். அம்மாவும் ஒப்புக்கொண்டிருப்பாள்.

அந்த வார்த்தையை ஏன் சொல்லவில்லை என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். பஸ்சில் அம்மா பூவும் தேங்காயும் வைத்த பையை மடியில் வைத்துக்கொண்டு, போகிற வழியெல்லாம் முகம் முழுக்கச் சிரிப்போடு இருந்தாள். அதைக் கெடுக்க மனம் வரவில்லை. அது நிஜம். ஆனால் அது மட்டும் இல்லை. தலையில் முதல் சொம்புத் தண்ணீரை ஊற்றியபோது, ஒரு நிமிஷம், இனிமேல் போக வேண்டியிருக்காது என்று எனக்கு உள்ளே ஏதோ லேசானது. விமானம் வேண்டாம், தெரியாத ஊர் வேண்டாம், அத்தனை பேர் முன்னால் முதல் ஆளாக நடக்க வேண்டாம். இதை யாரிடமும் சொன்னதில்லை. அக்காவிடம் சொன்னால் உடைந்துபோவாள். மிலானில் சொன்னால் அவர்களுக்கு ஆமாம், இல்லை, எதில் இதைச் சேர்ப்பது என்று தெரியாது.

நான் போகப் போகிறேன். அதில் இப்போது எனக்குச் சந்தேகம் இல்லை. இந்தத் தடவை விடாவிட்டால் ஆடி மாதம் மறுபடி அந்தப் பந்திக் கூடத்தில் நடந்து, மறுபடி அந்தச் சுவர் முன்னால் நிற்பேன். அந்தக் கதவில் கோட்டை என்று எழுதுகிற நாளில் அதன் வழியாக உள்ளே நடந்து போகிறவர்களில் நானும் ஒருத்தியாக இருப்பேன். இதெல்லாம் எனக்கு உறுதியாகத் தெரிகிறது. நடந்தது நடந்தபடி சொல்வேன், அழிக்க மாட்டேன் என்பதும் உறுதி.

ஆனால் அவர்கள் நடந்தது என்ன என்று கேட்கவில்லை. விருப்பம் யாருடையது என்று கேட்கிறார்கள்.

போனைக் கல்லின் மேல் சாய்த்து வைத்து மறுபடி சிவப்புப் பொத்தானை அழுத்துகிறேன். என் பெயர் மோனிகா, ஊர் சிங்கவரம், செஞ்சிக்குப் பக்கத்தில், என்று ஆரம்பிக்கிறேன். இதுவரை சரியாக வருகிறது. அடுத்த வாக்கியத்துக்கு வாயைத் திறக்கிறேன். அம்மா கேட்டாள், நான் தலையைக் குனிந்தேன், உள்ளுக்குள் ஒருத்தி ஓடிப்போகப் பார்த்தாள். அப்படியென்றால் பெரியதம்பி அண்ணன் முன்னால் போய் உட்கார்ந்தது எங்களில் யார்?